மலையடிவாரத்து விலை

ஷஃபான் மாதத்தின் இறுதி வாரம். நோன்புக்கு வேண்டிய சாமான்களை வாங்குவதற்காக, கள்ளக்குறிச்சியில் சிறுதானியங்களையும் மலைவிளைபொருள்களையும் மட்டுமே விற்கும் கடை ஒன்றுக்கு நாங்கள் குடும்பத்தோடு சென்றிருந்தோம். நோன்புக் கஞ்சிக்குச் சாமை, சஹர் நேரத்துக்குத் தேன், வீட்டுக்குப் புளி, நன்னிக்குக் கடுக்காய்ப்பொடி என்று பட்டியல் சிறியதுதான். ஆயினும் தேன் அடுக்கின் முன்னே நெடுநேரம் நின்றுவிட்டோம். ஒரே உயரமுள்ளவை போலத் தோன்றிய இரண்டு புட்டிகள். ஒன்றில் 500 கிராம் என்று எழுதியிருந்தது. மற்றொன்றில் 500 மில்லி லிட்டர். விலை குறைந்திருந்த முதற்புட்டியையே கை எடுத்தது. மகள்தான் தடுத்தாள். தேன் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ நிற்கும்; ஆகவே 500 மில்லி லிட்டர் புட்டிக்குள் ஏறத்தாழ 700 கிராம் தேன் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கிலோவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தபோது, விலை கூடியதாகத் தோன்றிய புட்டியே மலிவாக இருந்தது.

நல்ல பேரம் கிடைத்த மகிழ்ச்சியில் நாங்கள் இருந்தபோது, நாற்காலியில் அமர்ந்திருந்த நன்னி கடைக்காரத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்கள்: "ஏப்பா, மலையில இத எடுத்தவனுக்கு என்ன வெல குடுத்தீங்க?"

அந்தத் தம்பிக்கு விடை தெரியவில்லை. அவருக்குப் பொருள் வேறொரு மொத்த வியாபாரியிடமிருந்து வருகிறதாம். குற்றம் ஒன்றுமில்லை, நம்மில் எத்தனை பேர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம்? ஆனால் எண்பத்தைந்து வயதைக் கடந்த நன்னி ஏன் அதைக் கேட்டார்கள் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அன்றிரவு அவர்கள் சொன்னதே இக்கட்டுரைக்குக் காரணம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக மலர்ந்தது 2019 நவம்பர் 26 அன்று. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன் பழைய தென்னார்க்காடு. நகரிலிருந்து மேற்கே சென்றால் கச்சிராயபாளையம், கோமுகி அணை. அதற்கப்பால் சாலை வளைந்து வளைந்து கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் ஏறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இதுவே கல்வராயன்மலை. இதன் ஒரு பக்கம் சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோ என்று எண்ணிவிடக் கூடாது. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக அவர்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூல்தொகுதியில் பதிவு செய்திருக்கிறார்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் கல்வராயன்மலை என்றாலே சாராய ஊறல் என்று செய்திகள் எழுதின. அதன் பின்னரே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்த வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை இல்லை, மருத்துவம் இல்லை என்ற பழைய குறைகள் அப்போதுதான் பலர் காதில் விழுந்தன. சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் தந்த மலைக்கு அந்த ஒரு பெயர்தானா மிஞ்ச வேண்டும் என்ற வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு.

இம்மலையின் நெடுங்கால வரலாற்றில் பெரும்பகுதி ஜாகிர் ஆட்சியாகவே கழிந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பட்டங்களைத் தாங்கிய மூன்று குடும்பங்களின் கையில் மலை இருந்தது. நிலத்துக்கு வரி அவர்களிடம். வழக்குக்குத் தீர்ப்பும் அவர்களிடம். ஊதியமில்லா உழைப்பும் அவர்களுக்கே. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் இந்த ஜாகிர் முறை முற்றாக முடிவுக்கு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-இல்தான். ஆக, எங்கள் நன்னி மணமுடித்து இவ்வூருக்கு வந்த 1950-களின் இறுதியில், மலையிலிருந்து தலைச்சுமையோடு இறங்கி வந்த ஒரு மனிதர் தம் மண்ணுக்கே முழு உரிமையில்லாதவராக இருந்தார். கீழே வந்தால் நம்மைப் போன்றோரின் முன் நின்றார்.

நன்னா அக்காலத்தில் மலைப்பொருள் வியாபாரம் செய்தவர்கள். கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தராசு, சில கோணிகள், உப்பு மூட்டை, கருவாடு, புகையிலை, கொஞ்சம் துணி. சந்தை நாளன்று ஸுப்ஹுத் தொழுகையை முடித்த கையோடு, ஊருக்குள் காத்திராமல், மலைப்பாதை வந்து சேரும் இடத்துக்கே மாட்டுவண்டியைக் கொண்டுசென்று நிற்பார்களாம். இரவெல்லாம் நடந்து, புளியும் கடுக்காயும் தேனும் சுமந்து வருவோர் அங்கேயே சுமையை இறக்குவர். சந்தை இன்னும் சில மைல் தூரம். கழுத்து நோகிறது; கையில் உப்பு வேண்டும்; அன்றைக்குச் சந்தையில் புளி என்ன விலை போகிறது என்பதோ தெரியாது. நன்னா சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு, வந்த வழியே ஏறிவிடுவர். அதே புளி அன்று நண்பகலுக்குள் சந்தையில் கூடுதல் விலைக்குக் கைமாறும்.

"ஆனா தராசுல ஒரு குன்றிமணி ஏமாத்துனது கெடையாது" என்று நன்னி அழுத்தமாகச் சொன்னார்கள். அதை நாங்கள் நம்புகிறோம். நன்னா தொழுகையாளி, அல்முதஃப்ஃபிஃபீன் சூராவை அறிந்தவர்கள். அளந்து வாங்கும்போது நிறைவாகவும், அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் நடப்போருக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையோடு தொடங்கும் அந்த சூராவை நம் வியாபாரிகள் அறியாதவர்கள் அல்லர். அக்காலத்து அளவைகளும் ஏமாற்றுவதற்கு இடந்தருபவை. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று வாய்பாடு ஒன்றுதான். ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதிலேயே ஒரு பிடி தானியம் போய்விடும். எடைக்கு நாற்பது பலம் கொண்ட வீசை. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 1.4 கிலோ. 1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாகப் புகுந்தபோது, மலையிலிருந்து வந்தோர் பலருக்கு அது இன்னொரு புதிராகவே இருந்திருக்கும். வீசைக் கணக்கில் பேசி கிலோக் கல்லில் நிறுத்த எத்தனை கைகள் தயங்கியிருக்கும்?

நன்னா அப்படிச் செய்யவில்லை. தராசு நேராகவே நின்றது. ஆயினும் நன்னியின் மனத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முள் தைத்துக்கிடந்தது. பிற்காலத்தில் பள்ளிவாசல் பயான் ஒன்றில், மதீனாவுக்கு வெளியே வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டு வாங்குவது பற்றிய நபிமொழியைக் கேட்டார்களாம். அன்றிரவே நன்னாவிடம் சொன்னார்களாம். நன்னா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது ஒட்டகக் கூட்டத்துக்குச் சொன்னது" என்று மட்டும் கூறினார்களாம்.

அது ஒட்டகக் கூட்டத்துக்கு மட்டும் சொல்லப்பட்டதா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது அங்கே பனூ கைனுகா கூட்டத்தாரின் சந்தை இருந்தது. முஸ்லிம்களுக்கென வேறொரு திறந்தவெளியை அன்னார் சந்தையாக அமைத்தார்கள். அங்கே இடத்துக்கு வரி இல்லை. பாலைவனத்திலிருந்து தானியமும் கால்நடையும் கொண்டுவருவோர் அந்தச் சந்தையை வந்தடைவதற்கு முன்பே நகரத்தார் சிலர் வழியிலேயே போய் வாங்கிவந்தனர். அதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொருள் சந்தைக்கு வந்து சேரட்டும் என்றார்கள். வழியில் விற்றுவிட்டவர் பின்னர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. புகாரியிலும் முஸ்லிமிலும் இது குறித்த அறிவிப்புகள் பல.

இந்தத் தடையோடு சேர்த்தே இன்னொரு தடையும் வருகிறது. நகரவாசி ஒருவர், வெளியூரிலிருந்து பொருள் கொண்டுவருபவருக்காகத் தரகராக நின்று விற்கக் கூடாது. முதல் தடை வருபவரைக் காக்கிறது. விலை தெரியாத அவரை நகரத்தார் வழியில் மடக்கக் கூடாது. இரண்டாவது தடை நகரத்து ஏழைகளைக் காக்கிறது. பொருளைப் பூட்டிவைத்து விலையேற்றும் தரகர் நடுவில் வரக் கூடாது. விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் ஒருசேர நினைக்கப்பட்டிருப்பதை இங்கே காண்கிறோம். இருவரும் திறந்த இடத்தில் எதிரெதிரே நின்று, ஒரே விலையை அறிந்து பேசிக்கொள்ள வேண்டும். நமது தமிழகத்து மத்ஹபுகள் இரண்டும் இதனைக் கவனத்தோடு விரித்திருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் வழிமறித்து வாங்குவது கூடாத செயல். விற்பனை செல்லும், ஆனால் ஏமாந்தவருக்கு முறிக்கும் உரிமை உண்டு. ஹனஃபி மத்ஹபில், அது ஊராருக்குத் தீங்காக அமைந்தாலோ விலை மறைக்கப்பட்டாலோ வெறுக்கத்தக்கது. ஒட்டகம் என்ற சொல் இரண்டிலும் நிபந்தனையாக இல்லை.

நன்னாவின் தராசில் குறையில்லை. குறை இருந்தது அவர்கள் நின்ற இடத்தில்.

அளவும் எடையும் சரியாக இருந்தால் வியாபாரம் தூய்மையாகிவிட்டது என்று நம்மில் பலர் கருதுகிறோம். அன்றைய விலை என்ன என்று அறிந்துகொள்வதும் விற்பவருக்குச் சேர வேண்டிய உரிமைதான் என்பது நமக்கு அத்தனை எளிதில் தோன்றுவதில்லை. பிற்காலத்தில் ஷாம் நாட்டில் சந்தைக் கண்காணிப்பாளருக்கென்று கையேடுகள் எழுதப்பட்டன. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஷ்-ஷைஸரீ அவர்களின் நூல் அவற்றுள் பெயர்பெற்றது. ஒவ்வொரு தொழிலாகப் பிரித்து, எவ்வெவற்றில் என்னென்ன கலப்படம் நடக்கும், தராசை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் அது பேசுகிறது. அதன் மரபு நகரத்துக் கடைத்தெருவுக்கானது. நகர வாசலுக்கு வெளியே நடப்பதைப் பார்க்கக் கண்காணிப்பாளரின் கண் எட்டாது. அங்கே வாங்குபவரின் அச்சமே காவல்.

மலிவு என்பதை வரலாறு எப்போதும் மன்னரின் புகழாகவே எழுதியிருக்கிறது. அலாவுத்தீன் கல்ஜி (1296–1316) தில்லியில் தானிய விலைகளை நிர்ணயித்ததை ஸியாவுத்தீன் பரனீ வியந்து எழுதுகிறார். ஒரு மன் கோதுமை ஏழரை ஜீத்தல். மழை பொய்த்த ஆண்டிலும் அது ஏறவில்லை என்கிறார். தில்லியில் ரொட்டி மலிந்தது உண்மை. ஆனால் அந்தக் கோதுமையை விளைவித்த தோஆப் உழவர்கள் விளைச்சலில் பாதியை வரியாகச் செலுத்திவிட்டு, எஞ்சியதை வயலிலேயே குறித்த விலைக்கு விற்க வேண்டியிருந்தது. விலை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியபோது நபி (ஸல்) அவர்கள் மறுத்ததையும், எவருக்கும் அநீதி இழைத்தவனாக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் விடையளித்ததையும் இவ்விடத்தில் நினைக்கிறோம்.

மலையடிவாரத்தில் வழிமறிப்பைவிடக் கடுமையான வேறொரு வழக்கமும் இருந்தது. அது முன்பணம். ஆடி மாதத்தில் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும் வேளையில் வியாபாரி பணமோ தானியமோ கொடுப்பார். மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது முழுப் புளியும் அவருக்கே; விலையும் அவர் வைத்ததே. வெளித்தோற்றத்தில் இது நம் ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கும் ஸலம் வியாபாரத்தைப் போலவே இருக்கும். முன்பணம் கொடுத்துப் பின்னர் பொருள் பெறுவதுதானே ஸலம்! ஆனால் ஸலமுக்கு அறியப்பட்ட அளவு, அறியப்பட்ட எடை, அறியப்பட்ட தவணை, பேசும்போதே முழுத்தொகை என்ற நிபந்தனைகள் உண்டு. மலையடிவாரத்தில் அளவு பேசப்படவில்லை. "மரத்தில் உள்ளதெல்லாம்" என்பதே பேச்சு. கொடுத்தது பொருளின் விலையன்று, கடன். கடன் தந்த காரணத்தால் பொருளின் விலை குறைந்தது. கடனுக்காகப் பெறும் அந்த இலாபத்துக்கு வட்டி என்ற பெயர் இல்லாததாலேயே பலர் உள்ளம் உறுத்தாமல் அதைச் செய்தனர். நன்னா முன்பணம் கொடுத்ததுண்டா என்று நாங்கள் கேட்டோம். நன்னி விடை சொல்லவில்லை. நாங்களும் மீண்டும் கேட்கவில்லை.

கடுக்காயின் கதை இதைவிடப் பெரிய வட்டத்தில் சுழன்றது. இன்று கடுக்காய் நமக்கு மருந்துப் பொருள். நாட்டுமருந்துக் கடையில் சில ரூபாய்க்கு வாங்கிவிடுகிறோம். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் அது பெருந்தொழிலின் மூலப்பொருள். தோலைப் பதனிடத் துவர்ப்பு வேண்டும்; ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதைத் தந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று பரந்திருந்த தோல் தொழிலில் நம் சமூகத்து வணிகர்களின் பங்கு பெரிது. பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டனுக்குச் சென்றது. அந்தச் செல்வத்தில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் எழுந்தன. அவற்றின் பயனை நாம் இன்றும் நுகர்கிறோம். காட்டில் கடுக்காய் பொறுக்கியவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கவில்லை. காட்டு விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்ட காலத்தில், குத்தகைதாரர் கொடுத்ததே கூலி. தோல் வணிகர் குத்தகைதாரரிடம் வாங்கினார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தேன் புட்டியின் முன் நின்ற நாங்களும் அவ்வளவுதான் கேட்டோம்.

சட்டங்கள் மெல்லவே வந்தன. 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் பிறந்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வழிசெய்தது. எல்லாருக்கும் முன்னிலையில் விலை கூறி, சரியான எடையில் விற்பது என்பதே அதன் உயிர். மதீனா சந்தையின் கருத்தோடு அது எவ்வளவு நெருங்கியது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது பருத்தி, நிலக்கடலை போன்ற சமவெளிப் பயிர்களுக்கு உதவிற்று. காட்டுப் புளிக்கு அன்று. நுகர்வோரின் பக்கம் பார்த்தால், பட்டணத்து நடுத்தர மக்கள் நல்ல எடையும் நேர்மையான விலையும் வேண்டி 1904-லேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டனர். இந்தியாவின் முன்னோடிக் கூட்டுறவுக் கடை அது. வாங்குவோர் ஒன்றுகூடி எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, மலையில் விற்போருக்கெனக் கூட்டுறவு வந்தது. 1971-இல் பாவா குழு செய்த பரிந்துரையைத் தொடர்ந்து, லேம்ப்ஸ் எனப்படும் பழங்குடியினர் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் உருவாயின. கல்வராயன்மலைக்கும் அப்படியொரு சங்கம் வாய்த்தது. கடன், உரம், ரேஷன், விளைபொருள் கொள்முதல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது நோக்கம். நோக்கம் அனைத்தும் நிறைவேறியதென்று எவரும் சொல்லமாட்டார். எனினும் வண்டியோடு பாதையில் நிற்கும் வியாபாரியைத் தவிர வேறொரு கதவு திறந்தது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறுவன விளைபொருள்களின் உடைமை அவற்றைப் பாரம்பரியமாகச் சேகரிக்கும் மக்களுக்கே என்று எழுதிற்று. 2013-14 முதல் தேன், புளி, கடுக்காய் முதலியவற்றுக்கு நடுவண் அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்து வருகிறது. இன்று மலையில் கைபேசி இருக்கிறது. சந்தை விலை தெரியாது என்ற நிலை முன்போல் இல்லை. ஆனால் விலை தெரிந்தும் காத்திருக்க முடியாத நிலை இன்னும் இருக்கிறது. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் பங்குனிவரை பொறுப்பதில்லை.

சாமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையின் அன்றாட உணவாக இருந்த சாமையும் தினையும் கேழ்வரகும் இன்று நம் கடைகளில் அழகிய பைகளில் அமர்ந்திருக்கின்றன. ரேஷன் அரிசி மலையேறியது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல். பசி தணிந்தது, அதை எவரும் குறைகூற முடியாது. அதே காலத்தில் ஆத்தூர், சேலம், சின்னசேலம் பகுதிச் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலைச்சரிவுகளை நிறைத்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் வேர்கொண்ட அத்தொழில் இன்றும் மலையின் நிலத்தைத் தீர்மானிக்கிறது. விளைவு என்னவென்றால், சாமையை விளைவித்தவர் அரிசி உண்கிறார். அரிசி உண்ட நாம் சர்க்கரை நோய்க்கு அஞ்சிச் சாமை தேடுகிறோம். ஐக்கிய நாடுகள் 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு விலையும் ஏறிவிட்டது.

சாமை ஏன் அரிசியைவிட விலை கூடியது என்று கடையில் முணுமுணுப்போர் உண்டு. உமி நீக்குவதே அதற்குக் காரணம். சாமையின் உமி மணியோடு இறுகப் பற்றியிருக்கும். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகப் போய்விடும். உரலில் குத்திய காலத்தில் மலைப்பெண்களின் தோள்களே ஆலை. இன்று அரைவை எந்திரங்கள் சமவெளியில் இருப்பதால், தானியமாகக் கீழிறங்கி அரிசியாக விலையேறுகிறது. வாங்கும்போது மிக வெண்மையாகத் தீட்டிய சாமையைவிடச் சற்று மங்கலானதையே எடுப்பது நலம், தவிடு எஞ்சியிருக்கும். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். எனவே நோன்பு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே சிக்கனம். மலிவென்று பத்துக் கிலோ வாங்கிப் பாதியைக் கோழிக்குப் போட்டவர்கள் நாங்கள்.

புளியில் கணக்கு வேறு. ஓடு நீக்கி, கொட்டையோடு விற்கும் புளியில் எடையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையே. கொட்டை எடுத்த புளியின் விலை, கொட்டைப் புளியின் விலையைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் கொட்டை எடுத்ததே இலாபம். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்து வைப்பது நம் வீடுகளின் பழைய முறை. நிறம் கறுத்தது பழையது. சமையலுக்கு அதனால் கேடில்லை. கொட்டை தட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலியில்.

தேனைப் பற்றிய வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். தண்ணீரில் கரையாமல் அடியில் நிற்கும், தீக்குச்சியில் எரியும், நாய் நக்காது என்பனவெல்லாம் சர்க்கரைப் பாகை அடையாளம் காட்டுவதில்லை. 2020 டிசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தபோது, மிக நுண்ணிய சோதனையில் மூன்று மட்டுமே தேறின. மற்றவற்றுள் பல சாதாரண சோதனைகளில் தேறியவையே. அந்நஹ்ல் சூராவில் நிவாரணம் என்று சிறப்பிக்கப்பட்ட பொருள் இந்த நிலைக்கு வந்திருக்கிறது. எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், யார் எடுத்தது என்று சொல்லக்கூடிய இடத்தில் வாங்குவதே எங்களுக்குத் தெரிந்த ஒரே காப்பு. பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்து விற்பனையிடத்திலோ மகளிர் குழுவிடமோ புட்டி அழகாக இராது. விலை சில சமயம் பத்து இருபது ரூபாய் கூடவும் செய்யும்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரங்களில் நாங்கள் வெள்ளிமலைக்குச் சென்றோம். நன்னியும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டார்கள். கரியாலூரைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு பெண் கோணி விரித்துப் புளி விற்றுக்கொண்டிருந்தார். நன்னி வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இறங்கிய எங்களிடம், விலை கேட்பதற்கு முன் கள்ளக்குறிச்சிக் கடையில் புளி என்ன விலை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடும்படி கட்டளையிட்டார்கள். நாங்கள் சொன்னோம். அவர் சற்றே வியந்து எங்களைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா, பையன் போன்ல பாத்துச் சொல்லுவான்" என்றார். பிறகு கடை விலைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார், வண்டிக்கூலி மிச்சமாம். நன்னி கடை விலையே கொடுக்கச் சொன்னார்கள். இருவருக்கும் இடையே சிறிது நேரம் தலைகீழான பேரம் நடந்தது. முடிவில் ஐந்து ரூபாயில் ஒத்துக்கொண்டனர். ஐந்து கிலோ நிறுத்துக் கொடுத்தபின், அந்தப் பெண் ஒரு கை புளியை அள்ளி மேலே வைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தப் புளியைத் தாமே கொட்டை நீக்கி, கல்லுப்புத் தூவிப் பானையில் அடைத்தவர்கள் நன்னிதான். இரண்டு நாள் ஆயிற்று. எவரையும் உதவிக்கு விடவில்லை.